கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பேக்கரி

பேக்கரிக்காரனுக்கு அடுப்புச் சூடு ஒரு மாதத்தில் பழகிவிடும். வாசல் வரை வந்து திரும்பிப் போகிற வாடிக்கைக்காரன் மட்டும் கடைசி வரை பழகமாட்டான். கடை வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ரோட்டில் என் கடை. பன், பிஸ்கட், டீ. ஷிப்டு ஆட்கள் வந்தால் கடை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

போட்டோ

பையன் கம்பெனி வேலையாக பிரான்ஸ் போனான். அங்கிருந்து பழைய பேக்கரி முகப்புகளாகப் போட்டோ எடுத்து அனுப்பினான். கோதுமைக் கட்டு, காற்றாலை, கதிர் அறுக்கும் பெண், தங்க எழுத்து. எல்லாம் கண்ணாடியின் பின்பக்கம் வரைந்தது. மழை படத்தின் மேல் படாது. நூறு வருஷமாகியும் வெளுக்கவில்லை. சில இடங்களில் பேக்கரி போய்த் துணிக்கடை வந்துவிட்டதாம். முகப்பில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாதாம், சட்டம்.

மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்க வந்த வெல்டர் முனுசாமியிடம் காட்டினேன். அவன் கேட்டான்: "அப்போ ரொட்டி வாங்கப் போனா லுங்கி குடுப்பானா நைனா?"

பின்பக்க வேலை

அந்தக் கிண்டலை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொன்னேரியில் கண்ணாடியில் சாமி படம் எழுதும் நாகரத்தினத்தை அழைத்து வந்தேன். அந்த வேலையில் எல்லாமே தலைகீழ். கண்ணின் கருமணியை முதலில் வைத்து, முகத்தைப் பிறகு பூச வேண்டும். எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். எழுத்தில் மனுஷன் கவனமாக இருந்தார். கதிர் அறுக்கும் பெண்ணை மட்டும் திருப்பாமல், போட்டோவில் இருந்தபடியே வரைந்துவிட்டார்.

முகப்பை மாட்டினோம். வயல் வேலைக்குப் போகும் தனம்மா பஸ்ஸுக்கு நின்றவள் அண்ணாந்து பார்த்தாள். "இன்னாங்க இது, இந்தப் பொண்ணு லெப்ட் கையால அறுக்குது? பக்கத்துல குனிஞ்சிக்கினு இருக்கிறவ கதி இன்னா ஆவுறது?"

பூட்ஸ்

அரிவாளை விடுங்கள். ஷிப்டு ஆட்கள் வருவது நின்றுவிட்டது. கீழே புது மார்பிள், மேலே தங்க எழுத்து, நடுவில் புதுக் கண்ணாடிக் கதவு. கம்பெனிச் சங்கு ஊதினால் எதிர்ப்பக்க டீக்கடையில் கூட்டம். என் பன் தட்டு காலையில் வைத்தபடியே இருந்தது. பத்து நாள் இப்படி. இன்னொரு மாதம் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

பதினோராம் நாள், எதிர்க்கடையில் நின்ற முனுசாமியைக் கையைத் தட்டிக் கூப்பிட்டேன். வந்தான். படியில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு கதவுக்கு வெளியே நின்றான்.

"இது இன்னா கோயிலாடா?" என்றேன்.

"நகைக் கடை மாதிரி கீது நைனா. சட்டையெல்லாம் எண்ணெய். எவனாவது தொரத்துனா பேஜாரு."

திருத்தம்

அன்றைக்கு மறுபடி அந்தப் போட்டோக்களைப் பார்த்தேன். அந்தக் கதிரும் காற்றாலையும் அழகுக்கு மட்டும் இல்லை. உள்ளே ரொட்டி இருக்கிறது, வா என்று அந்த ஊர்க்காரனைக் கூப்பிட வைத்தது. இங்கே கோதுமை அறுத்தவன் யார்? நான் கூப்பிடுகிற ஆளை விட்டுவிட்டு முகப்பு வைத்திருக்கிறேன்.

கண்ணாடிக் கதவைக் கழற்றிப் போட்டேன். நாகரத்தினத்திடம் இன்னொரு கண்ணாடி கொடுத்தேன். காக்கிச் சட்டைக் கை ஒன்று பன்னை டீயில் தோய்க்க வேண்டும், விரலில் எண்ணெய்க் கறை இருக்க வேண்டும் என்றேன். இந்த முறை அது வலது கையாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

புதுப் படத்தை மாட்டிய மறுநாள் சங்கு ஊதியது. முனுசாமி வாசலில் நின்று படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பூட்ஸோடு உள்ளே வந்தான், பின்னால் நான்கு பேர்.

"இவனும் லெப்ட் கைதான் நைனா. பரவால்ல, ரைட் கையில ஹெல்மெட்டு வெச்சிருப்பான். அஞ்சு டீ, அஞ்சு பன்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், நான் உட்காருகிற கல்லாப்பெட்டியும் அங்கேதான் இருக்கிறது.