சபாபதி வாத்தியார் மணி அடிக்காத இரண்டு நாள்

மலாய் நாட்டில், குளுவாங்கிலிருந்து எட்டாவது மைல்கல்லில் திரும்பி உள்ளே போக வேண்டும் என்பதால் அந்த ரப்பர் தோட்டத்துக்கு எட்டாங்கட்டை என்று பெயர். கம்பெனிக்காரன் வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை. குளுவாங்கில் போலீஸ் ஸ்டேஷன் இருந்தது, கோர்ட்டு இருந்தது, ரயில் நின்று போனது. இருந்து என்ன புண்ணியம்? எட்டாங்கட்டைக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வெள்ளைக்கார மானேஜர் துரையின் வாயிலிருந்து வருவதுதான் சட்டம். அவர் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு இல்லாமல் ஒருத்தனும் தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாது. அவருடைய கார் வருகிற சத்தம் கேட்டால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும், குடை பிடித்தவன் மடக்க வேண்டும், செருப்புப் போட்டவன் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகத் தலை குனிந்து நிற்க வேண்டும். நிறைமாதக்காரியும் நிற்க வேண்டும். அப்படி ஒரு ராஜ்யம்.

அந்த ராஜ்யத்துக்கு 1924-ல் வாத்தியாராக வந்து சேர்ந்தார் சபாபதி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள். வரும்போது முப்பது வயது, கூடவே மனைவி. மறு வருஷமே அவளை மலேரியா கொண்டுபோயிற்று. வயிற்றில் இருந்த பிள்ளையும் அவளோடு போயிற்று. ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அங்கே போய் யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இங்கேயே கிடந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் என்பது அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒற்றைக் கொட்டகை. அதை ஒட்டி அவருக்கு ஓர் அறை. பாடம் சொல்வது போக அவருக்கு இன்னும் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, விடியற்காலை நாலரைக்குப் பெரட்டு மணி அடிப்பது. பள்ளிக்கூட வாசலில் சங்கிலியில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அவர் அடித்தால்தான் கூலிகள் குடியிருக்கும் லயம் முழுக்க எழுந்து, எதிரே இருந்த பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நிற்கும். பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். மணி அடிக்காமல் பெரட்டு இல்லை, பெரட்டு இல்லாமல் வேலை இல்லை.

இன்னொரு வேலைதான் அந்த மனுஷனைத் தின்றது. ஊருக்குப் போகிற கடிதம் எல்லாம் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்பது துரையின் உத்தரவு. கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி மலையாளி. தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. ஆகவே ஜனங்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்த அதே வாத்தியார், மறுநாள் ஆபீசில் நின்று அதே கடிதத்தை உரக்க வாசித்துக் காட்டினார். 1928-ல் ஒரு நாள், ரப்பர் பால்வெட்டுக்காரி புஷ்பவள்ளி தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். தன் புருஷனை அய்யாவு கங்காணி பிரம்பால் அடித்து முதுகுத் தோலை உரித்துவிட்டான் என்று அதில் இருந்தது. வாத்தியார் எழுதினார். வாசித்தார். புஷ்பவள்ளி அப்போது முழுகாமல் இருந்தாள். புருஷனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். சிங்கப்பூர் போய் ஆள் அனுப்புகிறேன் என்று போனவன் போனவன்தான்.

அதற்குப் பிறகு யார் வாத்தியாரோடு பேசுவார்கள்? அவர் வருவதைக் கண்டால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். இரண்டு வருஷம் அப்படி. சமைத்துத் தின்று, மணி அடித்து, சுவரைப் பார்த்துப் படுத்தார். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

1930-ல் புதுக்காடு வெட்டித் தீ வைத்தார்கள். மூன்றாம் நாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, புகைக்குள்ளிருந்து ஒரு குட்டி ஓடி வந்து பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டது. உடம்பெல்லாம் வெள்ளரிக்காய் மாதிரி வரியும் புள்ளியும். பன்றி என்றால் பன்றி இல்லை, யானை என்றால் யானை இல்லை. மூக்கு மட்டும் நீண்டு தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் தெனுக் என்று சொல்கிற காட்டு மிருகம் அது. காலில் தீக்காயம். பிள்ளைகள் ஒரே குரலில் அதற்குப் பெயர் வைத்தார்கள்: மூக்காயி!

வாத்தியார் டின்பாலைக் கரைத்து வைத்தார். தொடவில்லை. இரண்டு நாள் விசில் அடிப்பது மாதிரி மெல்லிய குரலில் அழுதுகொண்டே கிடந்தது. மூன்றாம் நாள் காலை வாசலில் புஷ்பவள்ளி நின்றாள். கையில் ஒரு செம்பு ஆட்டுப்பால்.

"வாத்தியாருக்காகக் கொண்டாரல. வாயில்லாச் சீவனுக்காகக் கொண்டாந்தேன்."

குட்டி மூக்கைச் செம்புக்குள் விட்டு உறிஞ்சியது. வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஒன் கடுதாசிய நான்தாம்மா ஆபீசுல வாசிச்சேன்."

"தெரியும்," என்றாள் அவள். செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் பால் கொண்டுவந்தாள்.

அதன்பிறகு அந்தப் பிராணிக்கு வாத்தியார் ஒரு காரியம் செய்தார். தோட்டத்து வாத்தியாருக்கு மட்டும்தான் அப்படி ஒரு புத்தி போகும். டைம் டேபிள் போட்டார்! பெரட்டு மணி அடித்த கையோடு பால். பள்ளிக்கூட மணி அடித்ததும் மரவள்ளித் தழை. விடுகிற மணிக்கு உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பு. பத்தே நாளில் மூக்காயி பாடம் படித்துவிட்டது. தண்டவாளத்தில் முதல் அடி விழுந்தால் போதும், எங்கே கிடந்தாலும் ஓடி வந்து நிற்கும். "மணி அடிச்சதும் வர்ற ஒரே பிள்ளை இதுதான்டா, கழுதைகளா!" என்று அவர் பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொண்டார். வாத்தியார் சிரித்ததைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தார்கள்.

ஆறு மாதத்தில் வரிகள் மறைந்தன. முன்னும் பின்னும் கறுப்பு, இடுப்பைச் சுற்றி வெள்ளை. "வாத்தியாரய்யா, இதுவும் ஒங்கள மாதிரி வேட்டி கட்டிக்கிச்சு!" என்று லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். ஆம், கேலி செய்தார்கள். இரண்டு வருஷமாக முகம் திருப்பிப் போனவர்கள், வேலை முடிந்து வரும்போது மரவள்ளித் தழையோடு வந்து நின்று பேசிவிட்டுப் போனார்கள். வாத்தியாரும் மாறிப்போனார். இப்போதெல்லாம் ஆபீசில் எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே பாட்டு: "இங்கு அனைவரும் சுகம், துரை அவர்கள் புண்ணியத்தில் குறைவொன்றும் இல்லை." காகிதத்தில் இருந்தது கண்ணீரும் வயிற்றெரிச்சலும். கிராணி தலையாட்டி முத்திரை குத்தினார். பயத்தில் வாத்தியாருக்கு முதுகெல்லாம் வியர்த்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

1932. ரப்பர் விலை தரைமட்டத்துக்குப் போய், தோட்டத்தில் பாதி மரங்களுக்கு வெட்டே கிடையாது. ஆட்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துரைக்கு நாளுக்கு நாள் வெறி ஏறியது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவர் கார் வந்தது. இருநூறு பேர் வாய்க்கால் ஓரம் தலை குனிந்து நிற்கிறார்கள். நடுரோட்டில் மூக்காயி படுத்திருக்கிறது. ஹாரன் அடித்தார். அது சாவகாசமாக எழுந்தது. காரின் முன்பக்கத்தை மூக்கால் தடவி மோந்து பார்த்தது. பிறகு திரும்பி நின்று, மூத்திரத்தைப் பின்னால் பீய்ச்சி, காரின் விளக்கு இரண்டையும் நனைத்து, புதருக்குள் போய்விட்டது.

யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், அடக்க முடியுமா? இருநூறு பேரும் சிரித்தார்கள். எட்டாங்கட்டையில் துரையின் முன்னால் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் கேட்டதே இல்லை. துரை காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஆபீசுக்கு அழைப்பு வந்தது.

"வாத்தியார், அந்தப் பன்னி நாளைக்கு இங்க இருக்கக் கூடாது. இருந்தா சுடுவேன்."

"தொர, துண்டு குடுங்க. தூரமா கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

"துண்டு கிடையாது."

வாத்தியார் உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதைத் தோட்டத்து எல்லை வரை கூட்டிப்போனார். ஓடைக்கு அப்பால் காடு. துண்டு இல்லாத மனுஷன் ஓடையைத் தாண்ட முடியாது. அதை மட்டும் தண்ணீருக்குள் தள்ளினார். அது நீந்தி அந்தக் கரையேறி, திரும்பி இவரைப் பார்த்து விசில் அடித்தது. மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார். "போ! போய்த் தொலை!" என்று கத்தினார். அது மரங்களுக்குள் மறையும் வரை எறிந்துகொண்டே இருந்தார்.

போய்விட்டது என்று ஆபீசில் வந்து சொன்னார். பக்கத்தில் நின்ற அய்யாவு கங்காணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆட்குறைப்புப் பட்டியலில் தன் பெயர் வந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். "மணி அடிச்சா வந்துரும் தொர," என்றான்.

துரைக்கு அது பிடித்துப் போயிற்று. மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் துப்பாக்கியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உத்தரவும் போட்டார்: மணியை வாத்தியார்தான் அடிக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. கங்காணிகள் லயத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவந்த எல்லாரும் அடிக்கிற வரைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். உட்காரக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது. அடிக்காவிட்டால் அன்றைக்கு யாருக்கும் பெயர் கிடையாது, கூலியும் கிடையாது.

சபாபதி கம்பியைக் கையில் எடுக்கவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். ஓடைக்கு அப்பால் அது காதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். விடிந்தது, வெயில் ஏறியது, மத்தியானம் ஆயிற்று. பிள்ளைகள் அழுதார்கள். பன்னிரண்டு மணிக்குத் துரை எழுந்து சாப்பிடப் போனார். ஜனங்கள் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பினார்கள். வாத்தியாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இரண்டாம் நாளும் அப்படியே. பத்து மணிக்கு நிறைமாதக்காரி ஒருத்தி மயங்கி விழுந்தாள். தூக்கப் போனவர்களைக் கங்காணி தடுத்தான். புஷ்பவள்ளியின் மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல் அடித்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பன்னிரண்டு மணி வரை நின்றாள். அன்று சாயங்காலம் வாத்தியார் அறைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் வீட்டிலேயே அன்றைக்கு அவ்வளவுதான் இருந்திருக்கும்.

"குடிங்க வாத்தியாரய்யா. லயத்துல எல்லாருமாப் பேசிட்டோம். நாளைக்கும் அடிக்காதீங்க. எத்தன நாளுதான் தொர நாக்காலில குந்தியிருப்பான், பாப்போம்."

"பையனுக்குக் காச்சல் எப்படியிருக்கு?"

"இருக்கு. விட்டுரும்."

அவர் கஞ்சியைக் குடித்தார். அவள் புருஷன் இருந்தால் இந்தக் கஞ்சிக்கு இரண்டு பேர் உழைப்பு இருந்திருக்கும். கிண்ணத்தைக் கழுவி அவளிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாள் நாலரைக்கு ஜனங்கள் வந்து தாங்களாகவே வரிசையில் நின்றுகொண்டார்கள். அன்றைக்கும் நிற்பதற்கு ஆயத்தமாக, சிலர் பிள்ளைகளைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாத்தியார் கம்பியை எடுத்தார். "வேணாம்யா!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் அடித்தார். வழக்கமாக எத்தனை அடியோ அத்தனையும் குறையாமல் அடித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. வராது என்றுகூட அவர் நினைத்தார், வராமல் இருக்கட்டும் என்று முருகனைக் கும்பிட்டார். அப்புறம் மரங்களுக்கு நடுவே இடுப்பு வெள்ளை தெரிந்தது. ஓடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நேராக அவரிடம் வந்து, பால் எங்கே என்று மூக்கால் அவர் கையைத் துழாவியது. துரை பக்கத்தில் வந்து நின்று சுட்டார். ஒரு குண்டில் சாகவில்லை. மூன்று குண்டு ஆயிற்று.

"நல்ல ஆள் நீ, வாத்தியார்," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார் துரை. பெயர் கூப்பிட்டார்கள். எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு சபாபதி வாத்தியார் அந்தத் தோட்டத்திலேயே இன்னும் ஏழு வருஷம் இருந்தார். கடிதங்களை அதே மாதிரிதான் வாசித்தார். கடைசி வரை கிராணியிடம் மாட்டிக்கொள்ளவில்லை. 1939-ல் மஞ்சள்காமாலையில் செத்தார். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாத அந்த மனுஷனுக்குப் புஷ்பவள்ளியின் மகன் கொள்ளி வைத்தான்.

மணி அடித்ததைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு தடவைதான் ஒருத்தர் கேட்டார். சுட்ட அன்றைக்குச் சாயங்காலம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆண்கள் நாலு பேர் குழி வெட்டி அதைப் புதைத்து மண்ணை மிதித்துக்கொண்டிருந்தபோது, புஷ்பவள்ளி அழுதுகொண்டே கேட்டாள்.

"ஏன்யா அடிச்சீங்க? இன்னும் பத்து நாளானாலும் நாங்க நின்னுருப்போமே!"

"நின்னுருப்பீங்கம்மா," என்றார் வாத்தியார். "அதனாலதான் அடிச்சேன்."