வாஷிக்குப் போக எதிர்ப்பக்கம் ரயிலேறினேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மும்பையில் மழைக்காலம் முடிகிற சமயத்தில் நடந்தது இது. மனைவி போன பிறகு மாட்டுங்கா வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். அப்போது வயது எழுபத்தாறு. சமையல், துணி, மார்க்கெட் எல்லாம் நானே. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பரில் மூழ்கிப்போனேன். பால் கருகிப் புகை கிளம்ப, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். தட்டியதோடு விட்டாரா? வாஷியில் இருக்கும் என் மகளுக்குப் போன் பண்ணியும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மகள் வாயைத் திறந்தால் ‘மறதி’தான். வீட்டைப் பூட்டிவிட்டு வாஷிக்கு வந்துவிடுங்கள் என்றாள். முடியாது என்றேன். கடைசியில், ஒரு மாதம் பார்ப்பது, அதற்குள் இன்னொரு தப்பு நடந்தால் நான் மூட்டையைக் கட்டுவது என்று முடிவாயிற்று.

என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள் என் பேத்தி. வயது பதினாறு. மாட்டுங்காவில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருந்ததால், வார நாட்களில் தாத்தாவோடு தங்கட்டும் என்று மகள் அனுப்பிவைத்தாள். வந்த அன்றே என் போனில் எதையோ அமுக்கி, நான் எங்கே போனாலும் அவள் போனில் புள்ளியாகத் தெரியும்படி செய்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு சி.ஐ.டி., அவளுக்கு மூன்று வேளை சோறு போடுவது நான்.

நானும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் கூடாதென்ற வடையைத் தின்னக் கிளம்பும்போது, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போவேன். புள்ளி இஸ்திரி வண்டியிலேயே நிற்கும், நான் சாவகாசமாகத் தின்றுவிட்டு வருவேன். அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஏக குஷி. மற்றபடி இரண்டு பேரும் டிவி ரிமோட்டுக்கும் பாத்ரூமுக்கும் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தோம். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ராத்திரி சாப்பாடு வாஷியில் மகள் வீட்டில், தீர்ப்பும் அங்கேதான். ஆறு மணிக்கு ட்யூஷன் முடிந்ததும் சேர்ந்து போகலாம் என்றாள் பேத்தி. எனக்கென்ன துணை வேண்டியிருக்கிறது என்று நான் நாலரைக்கே கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் வடாலா ஸ்டேஷனில் சாயங்காலம் வாஷிப் பக்கம் போகிற வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. அதனால் எங்களைப் போன்ற பழம் பெருச்சாளிகள் ஒரு வேலை செய்வோம். எதிர்ப்பக்கம், கடைசி ஸ்டேஷனான வி.டி.க்குப் போகிற காலி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவோம். அதே வண்டி அங்கிருந்து வாஷிக்குத் திரும்பும்போது கூட்டம் முண்டியடித்து ஏறும். நாங்கள் ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்திருப்போம். இதற்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர். அதற்கும் சேர்த்துத்தான் பாஸ் எடுத்திருக்கிறேன், திருட்டுப் பயணம் கிடையாது. முக்கால் மணி நேரம் வீணாகிறதே என்பீர்கள். ஜன்னல் சீட் கிடைத்தவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

வாஷியிலேயே படித்து வளர்ந்த பேத்திக்கு இந்த வித்தை தெரியாது. ட்யூஷன் நடுவில் போனைப் பார்த்திருக்கிறாள். வாஷிக்குப் போக வேண்டிய தாத்தா நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறார். ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். என் போன் பைக்குள், மகளுக்கு வாங்கிய முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது. ட்யூஷனைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, டாக்ஸி பிடித்து வடாலாவுக்கு வந்து, அடுத்த வண்டியில் ஏறி என்னைத் துரத்தியிருக்கிறாள். பாதி வழியில் பார்த்தால் புள்ளி திரும்பி வருகிறது. ரே ரோடு ஸ்டேஷனில் குதித்து, பாலம் ஏறி இந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்துக்கு ஓடிவந்துவிட்டாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. ரே ரோடில் வண்டி நின்றபோது, ஒரு பெண் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். யாரோ, பாவம் என்று பார்த்தால் என் பேத்தி. கையை நீட்டிக் கூப்பிட்டேன். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“தாத்தா, நான் யாருன்னு தெரியறதா?”

படித்துப் படித்துக் குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். தெரிகிறதம்மா, பயப்படாதே என்று நானும் குழந்தையிடம் பேசுவதுபோலவே சொன்னேன். இன்று என்ன கிழமை என்றாள். வெள்ளி என்றேன். எங்கே இறங்க வேண்டும் என்றாள். வாஷி என்றேன்.

“அப்போ வி.டி.க்கு ஏன் போனேள்?”

“ரிட்டர்ன் அடிச்சேன். ஜன்னல் சீட்டுக்கு.”

நாங்கள் பேசியது தமிழ். ஆனால் ‘ரிட்டர்ன்’ காதில் விழுந்ததும் எதிர்சீட்டுக்காரர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாங்களும் அப்படி வந்தவர்கள்தான் என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதாள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். எனக்கு அந்தக் கவலை.

“சொல்லலை. சொன்னா உங்க வீட்டைப் பூட்டிடுவா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “வடை விஷயமும் சொல்லலை. ஒரு போன் தினமும் ஒரு மணி நேரம் இஸ்திரி வண்டியில நிக்குமா, தாத்தா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு மாதமாக வேவு பார்க்கிறாள் என்று நான் கறுவிக்கொண்டிருந்த பெண், என் வீட்டை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாஷியில் சாப்பாட்டு மேஜையில் மகள் விசாரணையை ஆரம்பித்தாள். தாத்தா நன்றாகத்தான் இருக்கிறார் என்று பேத்தி கூசாமல் சாட்சி சொன்னாள். என்னால் தாங்க முடியவில்லை. வடை, இஸ்திரி, ரிட்டர்ன் எல்லாவற்றையும் நானே ஒப்பித்துவிட்டேன். வீடு போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கு மறதி எல்லாம் இல்லைப்பா. கொழுப்பு.”

வீடு எனக்கே தங்கியது. பேத்தி இப்போது படிப்புக்காகப் புனேக்குப் போய்விட்டாள். எங்கே கிளம்பினாலும், எந்தப் பக்கம் போகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறேன். நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனைவியிடம் நான் ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டு போனதில்லை. அவள் எத்தனை சாயங்காலம் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்திருப்பாள் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.