வழி கேட்டவர்களும் வழி மறித்தவர்களும்

மலையில் வழி காட்டுகிறவனை நடக்கும்போது முன்னால் விடுவார்கள், மற்ற எல்லாவற்றிலும் பின்னால் நிறுத்துவார்கள். கோயிலோ கோட்டையோ காடோ, நீங்களும் எங்காவது நாலு பேரைக் கூட்டிப்போய்க் காட்டுகிற வேலை பார்த்தவராக இருந்தால், இதைப் படிக்கப் படிக்கப் பல்லைக் கடிக்கத் தோன்றும். தாராளமாகக் கடியுங்கள். நானும் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. மலைமேல் விளைகிற கடுக்காய், புளி, சாமையைத் தலைச்சுமையாகச் சந்தைக்கு இறக்குகிற கூலிவேலை அப்பாவுக்கு. அவர் பின்னாலேயே ஏறி இறங்கிக் கல்வராயன் மலையின் ஒற்றையடிப் பாதைகள் எனக்குப் பழகிப்போயின. பத்தாவது தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த சமயம், கரியாலூரில் ஒரு விடுதிக்கு வருகிறவர்களை அருவிக்கும் காட்டுக்கும் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றார்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. டீக்கடை, பஸ், கிணற்றடி எங்கு போனாலும் அதே பேச்சு. மலைக்கு மேலே போனால் காற்று மட்டும்தான் இருக்கும் என்று நம்பி வேலையில் சேர்ந்தேன்.

சித்திரை மாதத்து அருவி

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. "சார், இப்ப அருவியில தண்ணி இருக்காதுங்க. ஐப்பசியில வாங்க, அப்ப பாத்தா கண்ணு கொள்ளாது" என்று விடுதி வாசலிலேயே சொன்னேன். காய்ந்து கிடந்த ஓடையைத் தாண்டும்போது இன்னொரு தடவை சொன்னேன். "நடக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு எங்கள பாதியில திருப்பப் பாக்கிறியா?" என்று அதட்டினார் குடும்பத் தலைவர். இரண்டு மணி நேரம் நடந்தோம்.

அருவி இருக்க வேண்டிய இடத்தில் கரும்பாறை நின்றது. நடுவில் காய்ந்த பாசி ஒரு கோடாக இறங்கியது. அவர் பாறையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். குற்றவாளி கிடைத்துவிட்டான். "நாங்க வர்றது நேத்தே உங்க விடுதிக்குத் தெரியும்ல? முன்னாடியே தண்ணியத் தொறந்து விடச் சொல்றதுக்கு என்னப்பா?"

சாமைக் கொல்லை

மழை முடிந்த பருவத்தில் மலைச்சரிவு முழுக்கச் சாமைக் கதிர் பழுப்பும் பச்சையுமாகத் தலை சாய்ந்து நிற்கும். காற்றடித்தால் சரிவே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அந்தப் பருவத்தில் கேமராவோடு ஆறு கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். "என்னா புல்வெளிடா!" என்று கத்திக்கொண்டு பாதையை விட்டு உள்ளே ஓடினார்கள். உருண்டார்கள். ஒருவன் மேல் ஒருவன் விழுந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "தம்பி, அது கொல்லைங்க, வெள்ளாமைங்க" என்று நான் கத்தியது அவர்கள் சிரிப்பில் கரைந்துபோனது. கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். விடுதியில் போய்ப் புகார் சொல்லிவிட்டால் வேலை போய்விடும். நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவர்கள் படம் எடுத்து முடித்து முன்னால் போய்விட்டார்கள். அதற்குள் கொல்லைக்குச் சொந்தக்காரி சடச்சி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். மலைக்காரப் பெண். அப்பாவிடம் மூட்டை கொடுத்தனுப்புகிற குடும்பம், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். குந்தி உட்கார்ந்து, மடிந்த சாமைத் தாள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். நிற்கவில்லை, திரும்பவும் சாய்ந்தன. "பட்டணத்துப் புள்ளைங்க, தெரியாம..." என்று இழுத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அவுங்களுக்குப் புல்லுன்னு தோணுச்சு, சரி. உனுக்கும் புல்லுன்னு தோணுச்சா?"

தகுதி, திறமை

ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிற ஐந்து பேர் வந்தார்கள். முதல் ஏற்றத்திலேயே இட ஒதுக்கீடு பற்றி வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அதில் கண்ணாடி போட்ட ஒருவர்தான் ஓங்கிப் பேசினார். "இப்படியே ஒதுக்கிக்கிட்டே போனா படிச்சவன் எங்க போறது? தகுதின்னு ஒண்ணு வேணாமா?" அவருடைய பை, தண்ணீர் கேன், சாப்பாட்டு அடுக்கு, மற்றவர்களின் இரண்டு பை எல்லாம் என் மேல். மேலே ஒரு பாறை விளிம்பு உண்டு. அங்கே நின்றால் கோமுகி அணையும் அதற்குக் கீழே கரும்புத் தோட்டங்களும் கள்ளக்குறிச்சி வரைக்கும் தெரியும். "சார், இங்க நின்னு ஒரு நிமிசம் பாருங்க" என்றேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

இறக்கத்தில் ஈரப் பாறையில் கண்ணாடிக்காரருக்குக் கால் வழுக்கியது. பக்கத்தில் மூன்று ஆள் ஆழத்துக்குப் பள்ளம். மூட்டைகளை உதறிவிட்டு அவர் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். என் முழங்கை கிழிந்தது. சாப்பாட்டு அடுக்கு பள்ளத்தில் உருண்டது. மூச்சு திரும்பியதும், "நீ எவ்ளோ படிச்சிருக்க?" என்று அவர் கேட்டார். "பத்தாவதுங்க. வேலைக்குப் பதிஞ்சு வெச்சிருக்கேன்" என்றேன். இப்போதாவது மனுஷன் யோசிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இதத்தான் நான் சொல்றேன். தகுதி பாத்து வேலை குடுத்தா இந்த மாதிரிதான் இருக்கும், எவ்ளோ நல்லா மூட்ட தூக்கறான்!"

புளியமரம் படுத்த வாரம்

போராட்டம் உச்சத்துக்குப் போன வாரத்தில் ஒதுக்கீடு கேட்டவர்கள் கீழே சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் நின்றது. விடுதியில் அப்போது தங்கியிருந்தது ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியரும் அவர் மனைவியும் மட்டும்தான். ஆசிரியருக்குக் கடுமையான சர்க்கரை நோய். தினமும் ஊசி போட வேண்டும். மூன்று நாளைக்குத்தான் மருந்து கொண்டுவந்திருந்தார். மூன்றாம் நாள் கடைசிச் சொட்டையும் போட்டுக்கொண்டார், நாலாம் நாள் விடிந்தும் பஸ் வரவில்லை. "தம்பி, ஏதாவது பண்ணு" என்றார் அந்த அம்மா.

அப்பா மூட்டை இறக்குகிற பாதையில் இருவரையும் கூட்டிப்போனேன். காலையில் கிளம்பி, பத்தடிக்கு ஒரு தரம் உட்கார வைத்து, அணைக்கட்டுப் பக்கம் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. ஆசிரியருக்கு நாக்கு வறண்டு பேச்சு குழறியது. பாதை சாலையில் சேருகிற இடத்தில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. கோடாலியோடு பத்துப் பதினைந்து பேர். "எங்க கூட்டிக்கினு போற? நீ இன்னா ஆளு?" என்று ஒருவன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவன், "இவன் காலனிக்காரன்டா, தெரியும்" என்றான். யாரும் வழி விடவில்லை. அந்த வாரம் காலனிக் கூரைகள் எரிகின்றன என்ற பேச்சு மலைக்கு மேல் வரைக்கும் வந்திருந்தது.

அந்த அம்மா என்னைத் தாண்டி முன்னால் போனார். காலி மருந்து பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொருவன் முகத்துக்கு நேராகவும் நீட்டினார். மூன்றாவது ஆள் தலையைக் குனிந்துகொண்டு போய்த் தன் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தான். ஆசிரியரைக் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு கச்சிராயபாளையம் கிளம்பினான். அம்மா பின்னாலேயே ஓடினார். என்னை மட்டும் விடவில்லை. "நீ இங்கயே குந்து. அவன் திரும்பி வரட்டும்."

குந்தினேன். எங்கள் காலனியைத் தென்னந்தோப்பு மறைத்தது. புகை வருகிறதா என்று அந்தத் திக்கிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து சைக்கிள்காரன் வந்தான். டாக்டர் ஊசி போட்டுவிட்டார், ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றான். (எங்கள் கூரைகளும் தப்பின. பக்கத்து ஊரில் தப்பவில்லை.) போகச் சொன்னார்கள். மரத்தின் மேல் ஏறித் தாண்டும்போதுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கே தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "எங்கப்பா இத்தினி வருசமா மூட்டைய எறக்கி மூச்சு வாங்குனது இந்த மரத்தடியிலதாங்க. மரம் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கத்திவிட்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் அடிமரத்தைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார். "நானும் மூட்ட எறக்கன மரந்தான். மனுவ வெச்சிக்கினு இதே ரோட்டோரம் நான் நின்னப்ப ஒரு காரும் நிக்கல, மரம் படுத்தப்பறம் எல்லா காரும் நிக்குது பாரு."

அம்புக்குறி

போராட்டம் அடங்கி, வெட்டிய அடிமரங்களில் துளிர் விட்ட பிறகு, மலையில் நடைப்பயணப் பாதை அமைக்கப் போகிறோம் என்று அரசாங்க மேலிடத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் கூடவே நடந்தேன். எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், எந்த வளைவில் கரடி இறங்கும், எது யாருடைய கொல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு பாறைகளில் வெள்ளை அம்புக்குறி போட்டார்கள்.

அடுத்த மாதம் இரண்டு பேரை அருவிக்குக் கூட்டிப்போனால், பாதையின் வாயில் குறுக்குக் கம்பு, பக்கத்தில் புதுச் சட்டை போட்ட காவலாள். வேறு மாவட்டத்துக்காரர், மலைக்கு வந்து பத்து நாள் ஆகிறதாம். "பர்மிட் இருக்கா?" என்றார். அந்த அம்பைப் போட இடம் காட்டியவனே நான்தான் என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, பர்மிட் இல்லாதவன் உள்ள போவக் கூடாது" என்றார். வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நான் திரும்பும்போது, அவரே பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏம்பா, வந்ததுதான் வந்த, இந்த அம்புக்குறியெல்லாம் எங்க போவுதுன்னு எனக்குச் சொல்லிட்டுப் போயேன்!"

வழி தெரிந்தவன் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவான் என்கிற தைரியத்தில்தான் எல்லாரும் அவனையே நிறுத்தி வைக்கிறார்கள் போலிருக்கிறது.