வாசல் பக்கம் கத்திய மீட்டர்

வேலை பார்த்த செருப்புக் கடையை முதலாளி இழுத்து மூடிய பிறகு அவள் சேர்ந்த படிப்பின் பெயர் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு டெக்னீஷியன் பயிற்சி. ‘ரேடியேஷன்’ என்று சுருக்கிச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வீடு தாண்டுவதற்குள் அது ரேடியோவாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, பாடாத பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அன்று முதல் தெருவுக்கே இவள் ரேடியோ அக்கா.

அது ரேடியோ இல்லை என்று தெரிந்தவர் கணவர் ஒருவர்தான். அதுதான் வம்பாகப் போயிற்று. எப்பேர்ப்பட்ட பூட்டையும் அசராமல் திறக்கிற பூட்டு ரிப்பேர்க்காரர், பெண்டாட்டியின் கைப்பையைக் கண்டால் ஒதுங்கினார். வகுப்பு முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்துவார்.

“நேராப் போய்க் குளிச்சுட்டு வந்துடு.”

“ஏங்க, இன்னிக்குப் பூரா போர்டுலதான் எழுதிப் போட்டாங்க.”

“எழுதினது மேல ஒட்டியிருந்தா?”

அவள் துணிக்குத் தனி வாளி வேறு.

செய்முறைப் பயிற்சி வந்தது. பயிற்சியாளர் எந்நேரமும் மூக்கை உறிஞ்சுகிற மனிதர். சட்டைப் பொத்தான் அளவுள்ள கதிரியக்க வில்லை ஒன்றை வகுப்பறையில் ஒளித்துவைத்துவிட்டு, அவள் கையில் மீட்டரைக் கொடுத்தார். ஆபத்தில்லாத வில்லைதான். பக்கத்தில் போனால் மீட்டர் படபடவென்று சத்தம் போடும். அதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அலமாரி, மேசை, குப்பைக்கூடை என்று எல்லாவற்றின் மேலும் மீட்டரைக் காட்டினாள். அது தூக்கக் கலக்கத்தில் முனகுவதுபோல டிக், டிக் என்றது. வாசல் பக்கம் திரும்பியதும் திடீரென்று ஒப்பாரி வைத்தது.

“சார், கெடச்சிடுச்சு! வெளியில வச்சிருக்கீங்க!”

“நான் எங்கம்மா வெளியில வச்சேன்?” பயிற்சியாளருக்கு மூக்கு உறிஞ்சுவதே மறந்துபோயிற்று.

கதவைத் திறந்தாள். நடைபாதை பெஞ்சில், மடியில் குடையோடு கணவர் உட்கார்ந்திருந்தார். மீட்டர் அலறிய அலறலில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

“நான் எதையும் தொடல!”

பயிற்சியாளருக்குச் சட்டென்று புரிந்தது. “ஐயா, இன்னிக்கு ஆஸ்பத்திரில ஊசி எதுவும் போட்டாங்களா?”

அவர் தலை குனிந்தார். சில நாளாகவே நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்ததாம். காலையில் போனவருக்கு ஊசி போட்டு இதயத்தைப் படம் எடுத்தார்களாம்.

“அந்த ஊசி மருந்துல கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும், அதுக்குத்தான் மீட்டர் கத்துது. பயப்படாதீங்க, நாளைக்குள்ள அடங்கிடும்.”

“எனக்குள்ளயா?” என்றார் கணவர், தன் சட்டையையே வேற்று மனிதன் சட்டைபோலப் பார்த்துக்கொண்டு.

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“அடைப்பு ஒண்ணும் இல்லையாம். வெறும் வாயுதானாம். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“நெஞ்சு அடைக்குதுன்னு எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களா?”

“உன் படிப்பு கெட்டுடுமேன்னு…”

அழுகையும் கோபமும் ஒன்றாகக் கிளம்ப, அவரை நோக்கிப் பாய்ந்தாள். பயிற்சியாளர் கையை நீட்டித் தடுத்தார்.

“ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு திட்டும்மா. நல்ல பழக்கம்.”

தள்ளி நின்றே திட்டினாள். மாடி வரைக்கும் கேட்டது. அவரைத் தெருமுனை டீக்கடைக்கு அனுப்பிய பிறகுதான் மீட்டர் அடங்கியது. வில்லை சாக்பீஸ் டப்பாவில் கிடைத்தது.

இப்போது அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் வேலை. ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, “வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?”

பாதிப் பேர் முழிக்கிறார்களாம்.