பங்களாக் குளத்துச் சாமி மீன்கள்

பங்களா அம்மா தன் வீட்டுப் புழக்கடையில் கோலப்பொடியால் குளம் வரைந்துகொண்டிருந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன். தலையில் விறகுக்கட்டோடு மேட்டுப் பாதையில் வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாசலில் போட வேண்டியதைப் புழக்கடையில் போடுகிறாளே, இது என்ன கூத்து என்று தோன்றியது. குனிந்து, பெரிய பலாச்சுளை மாதிரி ஒரு கோடு இழுத்தாள். பிடிக்கவில்லை போலும், காலால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். அதற்குள்ளே இன்னொரு கோடு. ஓரத்தில் முழங்கால் ஆழம், நடுவில் இடுப்பு ஆழம், அல்லித் தொட்டிகள் வைக்க ஒரு படி, மீன்கள் வெயிலுக்கு ஒதுங்க ஒரு குழி என்று பக்கத்தில் நின்ற கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டே போனாள். அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நேரில் பேசும்போது அவளை ‘அம்மா’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் கூப்பிட்டேன். இங்கே ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். இத்தனை வயதுக்கு மேல் அந்த உரிமையாவது எனக்கு வேண்டும்.

அது வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து உப்பு வந்தாலும் துணி வந்தாலும் தலைச்சுமைதான். அவள் புருஷனுக்குச் சேலத்தில் வியாபாரம். எங்கள் ஊருக்கு மேலே காப்பியும் ஆரஞ்சும் வைத்த தோட்டம் ஒன்றை வாங்கி, பங்களா கட்டி, மூச்சிரைப்புக்காரியான பெண்டாட்டியைக் குளிர்ந்த காற்றுக்காக அங்கே குடிவைத்துவிட்டு அவன் பாட்டுக்குச் சேலத்திலேயே இருந்தான். தனியாக இருப்பவளுக்குப் பொழுது போக வேண்டாமா? குளம் வேண்டும் என்றாள். சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக மலையேறியது. கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த காரையைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அடிவாரத்து ஏரியிலிருந்து அல்லிக் கிழங்குகள் ஈரச் சாக்கில் வந்தன. சேலத்திலிருந்து சிவப்பு மீன்கள் பானையில் வந்தன. எல்லாம் வந்தது, தண்ணீர் மட்டும் வெளியிலிருந்து வரவில்லை. அது எங்களுடைய ஊற்று.

அந்த ஊற்று அவள் தோட்டத்துப் பாறையில் பிறந்தாலும் என் மாமனாரின் அப்பன் காலத்திலிருந்து எங்கள் வயலில்தான் பாய்ந்தது. வயல் என்றால் பெரிய வயல் இல்லை. சரிவில் மூன்று படி. எங்களுக்கு மேட்டில் சாமையும் ராகியும் விளையும். நெல் என்று கண்ணால் பார்ப்பது அந்த மூன்று படியில் மட்டும்தான். மூங்கிலைப் பிளந்து வாய்க்கால் கட்டி அவள் ஊற்றைக் குளத்துக்குத் திருப்பினாள். குளம் நிரம்பினால் மிச்சம் ஆரஞ்சுக் கன்றுகளுக்குப் போகும். தண்ணீரை வடித்துவிடக் குளத்தின் அடியில் வைத்த தூம்பு மட்டும் எங்கள் பக்கம் பார்த்திருந்தது, சரிவு அந்தப் பக்கம் என்பதால். புதுக் காரையின் காரம் போனால்தான் மீன் பிழைக்கும் என்று குளத்தை நிரப்பி நிரப்பித் திறந்துவிட்டார்கள். பால் மாதிரி வெளுத்த சுண்ணாம்புத் தண்ணீர் நேராக என் நாற்றங்காலுக்கு வந்தது. நாற்று வெந்து போயிற்று. மறுபடி விதைத்தேன், அதற்குத் தண்ணீரே வரவில்லை. அந்த வருஷம் வயலில் வைக்கோல்கூட மிஞ்சவில்லை. “வித்துப்போட்டு வேற பொழப்பப் பாக்கலாம் புள்ள. அவங்களே வாங்கிக்கறாங்களாம்” என்றார் என் வீட்டுக்காரர். வாங்கிக்கொள்வார்களா? வாயில் வந்ததையெல்லாம் அவரைத்தான் திட்டினேன், பாவம்.

அந்தப் பயிர் காய்ந்துகொண்டிருந்தபோதே பங்களாவின் பின்வாசலில் போய் நின்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் தடவை அவள் தூங்குவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை வந்து, நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, சமையல்காரியிடம் ஏதோ சொல்லப் போனவள் திரும்பி வரவேயில்லை. மூன்றாம் தடவை குளத்தங்கரையிலேயே பிடித்துவிட்டேன். ஒரு அல்லி பூத்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்கம்மா, ராத்திரிக்கு மட்டுமாவது தண்ணிய எங்க பக்கம் உடுங்க. கதிரு வர்ற நேரமுங்க. அது காஞ்சா எங்களுக்கு வேற நெல்லு இல்லீங்க” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “தண்ணிதானே வேணும்? குளம் கழுவுற அன்னிக்கு வந்து கழுவிக் குடுத்துட்டு, அந்தத் தண்ணிய விட்டுக்கோ” என்றாள். சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை. குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல் சொன்னாள். முகத்தில் அறைந்திருந்தால்கூட நான் அப்படிக் கூசிப்போயிருக்க மாட்டேன்.

போனேன். போகாமல் என்ன செய்வது? என் ஊற்றுத் தண்ணீரை, அழுக்குத் தண்ணீராகவாவது வாங்க வேண்டுமே. ஊரில் இன்னும் சில பெண்களும் கூலிக்கு வந்தார்கள். குளம் கழுவுவது லேசான வேலை இல்லை. மீன்களைச் சல்லடைத் துணியால் அரித்து அண்டாவில் விட வேண்டும். அல்லித் தொட்டிகளைத் தண்டு ஒடியாமல் தூக்கி நிழலில் வைத்து ஈரச் சாக்குப் போட வேண்டும். தூம்புக் கட்டையைப் பிடுங்கினால் தண்ணீர் இறங்க இறங்க அடியில் கருஞ்சேறு தெரியும். அழுகிய இலையும் மீன் கழிவும் சேர்ந்து குடலைப் பிடுங்கும் நாற்றம். தேங்காய் மட்டையால் பாசியைத் தேய்த்தால் கை நகமெல்லாம் பச்சையாகிவிடும். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அந்த மூலையை விட்டுட்டியே, அந்த மூலை” என்பாள். ‘இரு, இரு, உன் மூலையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பேன். அந்தக் குளத்தின் ஒவ்வொரு இண்டு இடுக்கும் என் கைக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் அவளைத் திட்டியிருக்கிறேன்.

அடுத்த வருஷமும் வீம்புக்கு நட்டேன். மழை இருந்தவரை பயிர் நன்றாகத்தான் நின்றது. கார்த்திகையில் மழை விட்டதும் வயல் வெடிக்கத் தொடங்கியது. கதிர் பால் பிடிக்கிற சமயம். அந்த வருஷமும் போனால் வயலை விற்றுவிடுவது என்று வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். நான் சோமவாரத்துக்கு ஆற்றங்கரை ஈசன் கோயிலுக்குப் போனேன். வேறு யாரிடம் முறையிடுவது?

எங்கள் மலையில் அந்தக் கோயில் ஆற்று மீன்களை யாரும் பிடிக்க மாட்டார்கள், தின்ன மாட்டார்கள். அவை சாமி மீன்கள். நேர்ந்துகொண்டவர்கள் ஒன்றிரண்டைப் பிடித்து வாயோரத்தில் சின்ன வளையம் மாட்டி, மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். பொரியை அள்ளிப் போட்டால் பயமில்லாமல் கைக்கே வரும். வெள்ளம் வடிந்தால் பாறைக் குழிகளில் சில மீன்கள் அகப்பட்டுக்கொள்ளும். பார்த்தவர்கள் அவற்றைக் குடத்தில் மொண்டு தண்ணீரில் சேர்த்துவிட வேண்டும். அது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஒரு குழியில் அப்படிச் சில கிடந்தன. ஒன்றின் வாயில் வளையம் மின்னியது. குடத்தில் மொண்டேன். ஆற்றை நோக்கி இறங்கியவள் நடுவழியில் நின்றேன். தண்ணீரில் சேர்க்க வேண்டும் என்பதுதானே வழக்கம்? எந்தத் தண்ணீர் என்று யார் சொன்னது? சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. தனியாக, பாறைமேல் நின்று, பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன்.

ஓடைக்கு ஓடை தண்ணீர் மாற்றிக்கொண்டு குடத்தோடு மேடேறினேன். அவள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிடுவாள். கழுவும் நாள் தவிர மற்ற நாட்களிலும் அழுகிய அல்லி இலை பொறுக்க நான் புழக்கடைக்குள் போவது வழக்கமாகையால் யாரும் கேட்கவில்லை. குடத்தைக் கவிழ்த்தேன். “சாமி, உன் மீனைச் சாக விடலைங்க, தண்ணியிலதான் விட்டிருக்கறேன். என் வயலு உன் கண்ணுக்குத் தெரியும்” என்றேன். அவ்வளவுதான்.

அடுத்து குளம் கழுவிய நாளில் நான் வாயே திறக்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், அரித்தபோது அகப்படாமல் குழியில் ஒதுங்கியிருந்த வளையம் மாட்டிய மீன் பளிச்சென்று திரும்பியது. பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவள் “ஐயோ சாமி!” என்று கத்திக்கொண்டு கரையேறினாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆற்றுக்கும் அந்த ஊற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. மீன் எப்படி வந்திருக்கும்? “மலையேறி வந்துருக்குது பாரு!” என்றாள் ஒருத்தி. முதல் வேலையாகத் தூம்பை அடைத்துக் குளத்தை மறுபடி நிரப்பினார்கள். பங்களா அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, ஒருத்தி விடாமல் எங்கள் முகங்களைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கோயில் பூசாரி மறுநாள் வந்தார். பின்னாலேயே ஊரே வந்தது. “வந்த வழியே ஆத்துல கொண்டுபோய் விட்டுடுங்க, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை” என்று அவள் நயமாகத்தான் சொன்னாள். அதை நான் யோசிக்கவே இல்லை. பூசாரி தலையை ஆட்டினார். “தானா வந்து குடியிருக்கறத நாம எடுத்துட்டுப் போறதுக்கு அனுமதி கேக்கோணுமுங்க. பூப்போட்டுப் பாத்துருவோம்” என்றார். வெள்ளைப் பூ ஒரு இலையிலும் சிவப்புப் பூ ஒரு இலையிலும் வைத்து மடித்தார். வெள்ளை வந்தால் மீன்கள் குளத்திலேயே இருக்கும். சிவப்பு வந்தால் ஆற்றுக்குப் போகும். பூசாரியின் சின்ன மகள் எடுக்கக் குனிந்தபோது என் வயல், என் நெல், என் மானம் எல்லாம் அந்தப் பிஞ்சு விரலில் இருந்தது. கையை ஒன்றின்மேல் வைத்தாள், மாற்றினாள், மற்றதை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை!

குலவையிட்டவர்களில் என் சத்தம்தான் உரக்கக் கேட்டிருக்கும். பூசாரி குளத்தைச் சுற்றி வந்து, “இது ஆத்து மீனுங்கம்மா. ஓடற தண்ணியிலதான் இருக்கும். கட்டிப்போட்ட தண்ணி ஆகாது. தூம்பப் பாதி தெறந்து வையுங்க. வர்றது வரட்டும், போறது போகட்டும்” என்றார். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவள் என்ன சொல்ல முடியும்? அவளே போய்க் கட்டையை இழுத்தாள். அன்று சாயங்காலம் என் வயலில், வெடித்த மண்ணுக்குள் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கும் சத்தத்தை வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். வாய்விட்டு அழுதேன்.

ஓடும் தண்ணீர் அல்லிக்கு ஆகாது. இலைகள் கிழிந்தன, தொட்டி மண் கரைந்தது. மொட்டு விட்டால் ஆற்று மீன்கள் கடித்துத் தின்றன. மலையில் தள்ளியிருக்கும் திருப்புலி நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் பொரியோடு வந்து, அவள் ரோஜாச் செடிகளை மிதித்துக்கொண்டு, பாக்கு எச்சிலைச் சுவரோரம் துப்பிவிட்டுப் போனார்கள். “இங்க ஒரு கொட்டாய் போட்டா வர்ற சனத்துக்கு நல்லாருக்குமுங்க” என்று அவளிடமே யோசனை சொன்னார்கள். நான் இலை பொறுக்கும் சாக்கில் தினமும் போய்ப் பார்த்தேன். பூ இல்லாத குளத்தைப் பார்த்துக்கொண்டு அவள் ஜன்னலில் நிற்பாள். வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிடுவேன்.

தை மாதம் அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவள் சரிவில் மூச்சிரைக்க இறங்கி என் வயலுக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை. அறுத்த தாளையும் நிற்கிற கதிரையும் பார்த்தாள். “மீனைக் கொண்டாந்து போட்டது நீதான். எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை” என்றாள். நான் அரிவாளோடு நிமிர்ந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அவள் ஒரு கதிரை விரலால் தொட்டபடி கேட்டாள்: “ஏன் இப்படிப் பண்ணினே? தண்ணிதான் வேணும்னா வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் விட்டிருக்க மாட்டேனா?”

நடிக்கிறாளோ என்று அவள் கண்ணையே பார்த்தேன். நடிப்பில்லை. அவளுக்கு நினைவே இல்லை. மூன்று தடவை போய் நின்றதும், அவள் சொன்ன பதிலும், அதை மென்று மென்று நான் தூங்காமல் புரண்டதும், எதுவும் இல்லை. கழுவ வருகிற பெண்களில் நான் ஒருத்தி. எனக்குப் பகையாக இருந்தவளுக்கு அப்படி ஒரு பகை இருப்பதே தெரியாது. அரிவாளைக் கீழே போட்டேன். “உக்காருங்கம்மா” என்று வரப்பைக் காட்டினேன். அவள் உட்கார்ந்தாள். முதல் தடவை பின்வாசலில் நின்றதிலிருந்து ஆரம்பித்தேன். குளத்தங்கரையில் அன்றைக்கு அவள் என்ன புடவை உடுத்தியிருந்தாள், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன வார்த்தை சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் எழுந்திருக்கப் பார்த்தாள். “இன்னும் முடியலீங்க” என்றேன். மறுபடி உட்கார்ந்தாள்.