நாலு சக்கரமும் சுட்ட நாள்

போன வாரம் கவரைப்பேட்டை தாண்டி பேரனுடைய காரில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிப்போன லாரியிலிருந்து ஒரு வாசனை வந்தது. தீய்ந்த பிரேக். கருகின தோசையையும் எரிந்த ரப்பர் செருப்பையும் சேர்த்து முகர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. பேரன் சட்டென்று கண்ணாடியை ஏற்றினான். நான் இறக்கச் சொன்னேன்.

"இன்னா தாத்தா, சாம்பிராணியா காட்றாங்க? மூச்ச இழுத்துக்கினு இருக்கியே!"

அவனுக்கு எப்படிச் சொல்வது? எனக்கு அந்த வாசனை வந்தால் மங்கம்மா ஞாபகம் வரும். அவசரப்பட்டுத் தப்பாக நினைக்காதீர்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

எழுபதுகளில் நான் ஒருவரிடம் வாடகைக் கார் ஓட்டினேன். வண்டிக்கு அப்போதே என் வயது. வண்டிக்கும் எனக்கும் பள்ளிக்கூட வாசனை கிடையாது. பஸ் போர்டைக்கூட நான் படிப்பதில்லை. கண்டக்டர் முகத்தைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடுவேன். ஷெட்டில் எண்ணெய் டப்பாக்கள் எல்லாம் ஒரே அச்சு. அதனால் பிரேக் ஆயில் டப்பாவுக்கு மட்டும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தேன். என் எழுத்து, என் கையெழுத்து, எல்லாம் அந்தப் பொட்டுதான்.

ஆயுத பூஜை வந்தது. பக்தி முற்றிப்போய் ஷெட்டில் இருந்த எல்லாவற்றையும் நானே துடைத்தேன். ஸ்பேனருக்குப் பொட்டு, ஜாக்கிக்குப் பொட்டு, எல்லா டப்பாவுக்கும் வரிசையாகப் பொட்டு. என் எழுத்தை நானே அழித்தேன் என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. மறுநாள் பிரேக் கொஞ்சம் இறங்குகிறதே என்று, கைக்கு வந்த பொட்டு டப்பாவைத் திறந்து ஊற்றினேன். பிரேக் கல் மாதிரி ஏறிக்கொண்டது. "நம்ம கை பட்டா போதும்" என்று ஷெட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மங்கம்மா வண்டி கேட்டார். அவர் ஊர் கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கொஞ்சம் நெல் நிலம், ஆயில் இன்ஜின் வைத்த ஒரு கிணறு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. மகள் சுசீலாவுக்குத் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. பத்து மணிக்குள் ஆஜராகவேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். அந்த அடுத்த வருஷத்துக்குள் கட்டிக்கொடுத்துவிடத் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

விடிந்ததும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பெரியபாளையத்துக்கு முன்பே வண்டி திணற ஆரம்பித்தது. பின்னால் யாரோ கயிறு போட்டு இழுப்பது மாதிரி. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முனகியது. ஒரு புளியமரத்தடியில் அதுவாகவே நின்றுவிட்டது. நான் பெரிய டாக்டர் மாதிரி பானெட்டைத் தூக்கினேன். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினேன். வாய் நிறைய பெட்ரோல். சுசீலா பயத்தில் கையிலிருந்த சர்டிபிகேட் கவரைக் கசக்கினாள்.

"மணி எட்டே முக்கா ஆச்சும்மா..."

மங்கம்மா இறங்கினார். கையில் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றினார். நாலு இடத்திலும் 'சுர்ர்' என்றது.

"டைவரு, வாயக் கொப்புளிச்சிட்டு இங்க வா. ஒரு சக்கரம் சுட்டா சக்கரத்துல கோளாறு. நாலும் சுடுது பாரு. அப்ப நோவு மேலருந்து வருது. பிரேக்குக்கு எண்ணெ எங்க ஊத்துவ?"

காட்டினேன். மூடியைத் திறந்து விரலை விட்டார், முகர்ந்தார், இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார்.

"அடப்பாவி நைனா! இது எங்க இஞ்சினுக்கு ஊத்தற எண்ணெடா! உள்ள ரப்பரு வாஷர் இருக்குதா?"

"இருக்குதும்மா."

"இத குடிச்சிட்டு ஊதிக்கினு இருக்கும். எங்க பம்புசெட்டுல ஒருவாட்டி அப்படித்தான் ஆச்சு. ஊதின ரப்பரு ஓட்டைய அடைச்சிக்கிச்சி, மிதிச்ச எண்ணெ திரும்பி வரவே வழியில்ல. சக்கரத்தாண்ட காத்து எடுக்கற திருகாணி எங்க?"

குனிந்து காட்டினேன். ஸ்பேனரை வாங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தினமும் டீசல் இன்ஜினில் காற்றெடுக்கும் கை அது. ஒரே திருகு. எண்ணெய் பீய்ச்சி அடித்தது. "தள்ளு" என்றார். சுசீலாவும் நானும் தள்ளினோம். குழந்தையின் நடைவண்டி மாதிரி உருண்டது! ஒரு சக்கரத்தில் திறந்ததற்கு நாலும் விட்டுவிட்டது. இத்தனை வருஷம் நான் உட்கார்ந்து ஓட்டிய வண்டியை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

திருகாணியை இறுக்கிவிட்டு எழுந்தார். "மறுபடி மிதிச்சின்னா மறுபடி புடிச்சிக்கும். திருவள்ளூர் வரிக்கும் கால் அதும்மேல போவக்கூடாது. கைபிரேக்கு கம்பிதான, எண்ணெ இல்ல; அத நான் பாத்துக்கறேன்."

"கால் பழக்கத்துல போயிடுமேம்மா!"

"போட்டும். நான் இன்னாத்துக்குக் குந்திக்கினுகிறேன்?"

நான் கழற்றின பெட்ரோல் குழாயைத் திரும்ப மாட்டினேன். அவர் முன்சீட்டில் ஏறி கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், கிளம்பினோம். மாடு, சைக்கிள், முட்டைக்கூடை என்று எதிரே வருகிற ஒவ்வொன்றையும் எனக்கு முன்னால் அவர் பார்த்தார். ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. என் கால் கிளம்பியது. முழங்காலில் செம்பால் ஒரு போடு. கைபிரேக் ஏறியது. ஆடு எங்களைக் கேவலமாகப் பார்த்துவிட்டுப் போனது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்க, ஆஸ்பத்திரி வாசலில் அவரே வண்டியை நிறுத்தினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். சுசீலா ஓடினாள்.

மரத்தடியில் காத்திருந்தபோது கேட்டார். "டப்பா மேல எழுதியிருக்குமே நைனா?"

வேறு வழியில்லாமல் பொட்டுக் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு மட்டும் படிக்கத் தெரியுதா? மூக்குக்குத் தெரியுது, வெரலுக்குத் தெரியுது. எழுத்து அவளுக்குத் தெரியட்டும்னுதான இந்தப் பேஜாரெல்லாம்!"

ஒரு மணிக்கு சுசீலா வந்தாள். எடுத்துக்கொண்டார்களாம். மங்கம்மா மகள் கன்னத்தை எண்ணெய்க் கையால் வழித்தார். பிறகு அவளைக் கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"நீங்களும் பஸ்லயே போங்கம்மா. வண்டிய நான் எப்டியாவது கொண்டாந்துடறேன்."

"அவளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, அதான் பஸ்ல அனுப்பிச்சேன். நீ மட்டும் ஒண்டியா சாவணுமா? எடு வண்டிய."

அந்தப் புளியமரங்களை வெட்டி ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். வண்டி பழைய இரும்பு எடைக்குப் போயிற்று. கிணறு இருந்த இடத்தில் ஏதோ தொழிற்சாலையின் நீளமான சுவர். பேரன் காரில் பிரேக்கில் ஏதாவது என்றால் சிவப்பாக ஒரு விளக்கு எரியுமாம். விளக்கு நல்லதுதான். எரியும். பஸ்ஸில் போகாமல் நம்மோடு வந்து உட்காருமா?