செவில் நகரத்து மத்தியானம்

பாளையங்கோட்டையில் அத்தானுக்கு இரும்புச் சாமான் கடை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஷட்டரை இறக்கினால் சாயங்காலம்தான் ஏற்றுவார். உள்ளே ஆணி மூட்டைகளுக்கு நடுவில் பாயை விரித்துத் தூக்கம். அவசரத்துக்கு ஆணி தேடி வந்தவர்கள் ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய பரம்பரையை வாழ்த்திவிட்டுப் போவார்கள். கல்லூரியில் வரலாறு நடத்திய அக்காவுக்கு இந்தத் தூக்கத்தோடுதான் ஆயுள் சண்டை.

“வெள்ளக்காரன் ஒரு நிமிசத்த வீணாக்க மாட்டான். அதான் அவன் அங்கன இருக்கான், நாம இங்கன கெடக்கோம்” என்பாள்.

ஓய்வு பெற்றதும், ஸ்பெயினில் உள்ள செவில் நகரத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்றாள். சுற்றுலாக் கூட்டத்தோடு ஓடாமல், பைய நடந்து பார்க்க வேண்டும். செல்போனில் வழி பார்க்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் என்னையும் கூட்டிப்போனார்கள்.

பேராலயத்தில் அக்கா எங்களுக்கு நடத்திய பாடம் முடியும்போது உச்சிப் பொழுது. வெளியே நம்மூர்க் கத்திரி வெயில். பூப்போட்ட பீங்கான் தட்டு வாங்கச் சந்துக்குள் நுழைந்தாள். கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன.

“என்னலே, ஏதும் கடையடைப்பா?” என்று என்னைக் கேட்டாள்.

ஒரு கடையில் மட்டும் ஓர் அம்மாள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா விரைந்து போய்த் திருத்தமான ஆங்கிலத்தில் விசாரித்தாள். அந்த அம்மாள் இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். பிறகு கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி ஐந்து விரலை விரித்தார். ஷட்டர் முழுசாக இறங்கியது.

சந்நிதியில் நிற்பவர் போல அத்தான் அந்த ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஊரே தூங்குதுல்லா” என்றார்.

“இங்க வெயில் அதிகம்” என்றாள் அக்கா.

“பாளையங்கோட்டையில பனியா பெய்யுது?”

அத்தான் ஆரஞ்சு மர நிழலில் ஒரு பெஞ்சைப் பிடித்து, செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. மீதி நாட்களிலும் உள்ளூர் வழக்கத்தை அவர் தவறாமல் மதித்தார்.

ஊர் திரும்பியதும் அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அங்கன மத்தியானம் கடைய சாத்திருவாவ. அது அவங்க பண்பாடு. இவுக அந்தக் காலத்துல இருந்தே அதத்தான் செய்யுதாவ.” இப்போது அவளே பாயை உதறி விரித்துக் கொடுக்கிறாள். ஷட்டரை யாராவது தட்டினால் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து வந்து சத்தம் போடுகிறாள்.

போன வாரம் உச்சி வெயிலில் அந்தப் பக்கம் போனேன். கடை திறந்திருந்தது. அத்தான் கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“தூங்கலையா அத்தான்?”

“அவ தூங்கு தூங்குங்கா, மாப்ள. தூக்கம் வரமாட்டேங்கு.”